பிளாண்டட் டேங்குக்கு கேஸ்: பாட்டிலா, சிலிண்டரா?

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு ஹாலில் செடிகளோடு இருக்கும் மூன்றடி மீன் தொட்டிக்கு, செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு கேஸ் கொடுக்கப் போன வருஷம் சிலிண்டர் வாங்கினேன். அதற்கு முன்பு, சர்க்கரையை ஈஸ்ட் புளிக்கவைத்துக் கேஸ் விடும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சிட்ரிக் ஆசிட்டும் ஆப்பசோடாவும் கலந்து கேஸ் உண்டாக்கும் செட்டைக் காட்பாடியில் நண்பர் வீட்டில் பார்த்திருக்கிறேன், நானே வைத்து ஓட்டியதில்லை. எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சிலிண்டர் என்றுதான் சொல்வேன். வேண்டாத நேரத்தில் கேஸை நிறுத்த அதில் எளிய வழி இருக்கிறது.

காசு கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாட்டில் சில நூறில் முடியும், சிலிண்டரும், அதன் அழுத்தத்தைக் குறைத்துக் கேஸை விடும் ரெகுலேட்டரும் பல ஆயிரம் இழுக்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி மெதுவாக வளரும் செடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவுமே தேவையில்லை. சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய் ரொட்டாலா, மான்டே கார்லோ போன்ற செடிகளை ஆசைப்பட்டு வாங்கி வந்தவர்களுக்குத்தான் இந்த அலசல்.

செடிக்கு வெளிச்சம் இருக்கும்போதுதான் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். விளக்கை அணைத்துவிட்டால் செடியும் மீனைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. ஈஸ்டுக்கு ராத்திரி பகல் கிடையாது. விடிய விடிய குமிழ் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டால் மீன் தன் ரத்தத்தில் இருப்பதைச் செவுள் வழியாக வெளியே தள்ள முடியாமல் திணறும். ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தாலும் திணறும். காலையில் விளக்கைப் போடும்போது மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ராத்திரி ஏர் பம்ப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். கரண்ட் இருக்கும்வரை சரிதான். கரண்ட் போனால் பம்ப்பும் ஃபில்டரும் நிற்கும், பாட்டில் மட்டும் நிற்காது. சிலிண்டர் ரெகுலேட்டரில் இருக்கும் சொலினாய்டு வால்வு (கரண்டில் இயங்கும் வால்வு) கரண்ட் இருந்தால்தான் திறக்கும், போனால் தானாக மூடிக்கொள்ளும். டைமரில் மாட்டி, விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூடும்படி வைத்திருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை கொடுத்த காசு இந்த ஒன்றுக்கே தகும்.

அடுத்தது நம்ம ஊர் வெயில். 35 டிகிரி வரைக்கும் ஈஸ்டின் வேகம் கூடிக்கொண்டே போகும், 40-ஐத் தாண்டினால் துவண்டுவிடும். கத்திரி வெயிலில் இட்லி மாவு பொங்கி வழிகிற மாதிரி முதல் சில நாள் கேஸ் கொட்டும், பிறகு ஒன்றுமே வராது. தொட்டித் தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைகிற ஆக்சிஜனும் குறையும். மீனுக்கு மூச்சு முட்டுகிற மாதத்தில்தான் பாட்டிலும் அதிகமாகப் பொங்கும். இடையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் வைக்காவிட்டால், நுரை டியூப் வழியாக ஏறித் தொட்டிக்குள் போய், கேஸைப் பொடிக் குமிழாக்கித் தண்ணீரில் விடும் டிஃப்யூசர் மேல் வெள்ளையாகக் கொழகொழவென்று படியும்.

டிஃப்யூசர் அப்படி அடைத்துக்கொள்வது இன்னும் ஆபத்து. போக வழியில்லாத கேஸ் பாட்டிலிலேயே தங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் பாட்டில் கல்லு மாதிரி இருக்கும். ராத்திரி கேஸை நிறுத்துகிறேன் என்று டியூபைக் கிளிப் போட்டு மூடுவதும் இதே கதைதான், அதைச் செய்யவே கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் டியூபைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துப் போடுங்கள். கண்ணாடி ஜாடியை எடுக்கவே எடுக்காதீர்கள். சோடா பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்தது, குடிதண்ணீர் பாட்டில் அப்படியில்லை.

சிட்ரிக் ஆசிட் செட் ஈஸ்டை விட ஒழுங்கானது. கேஸைக் கூட்டிக் குறைக்க நீடில் வால்வு, அழுத்தம் காட்ட கேஜ் இரண்டும் இருக்கும், வெயிலைப் பற்றியும் அவ்வளவு கவலையில்லை. ஆனால் 200 கிராம் ஆப்பசோடா முழுக்க வினைபுரிந்தால் 58 லிட்டர் அளவுக்கு கேஸ் வரும். 200 கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் அது வாரக்கணக்கில் வரும். ஆசிட் பாட்டில் சாய்ந்து மொத்தமும் ஒரே நேரத்தில் கலந்தால் அவ்வளவு கேஸும் ஒரு பாட்டிலுக்குள் அடைபடும். குழந்தைகள் ஓடி விளையாடுகிற வீட்டில் அதை வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஸ்டீல் பாத்திரத்தில் வருகிற செட் உறுதியாகத் தெரிகிறது, ஆனால் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்த்ததில்லை என்பதால் சிபாரிசு செய்யமாட்டேன்.

சிலிண்டரிலும் ஆபத்து உண்டு. பழைய இரும்புக் கடையில் தீயணைப்பான் சிலிண்டர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறார்கள். அதற்குள் அடிவரை ஒரு குழாய் இறங்கியிருக்கும். உள்ளே அழுத்தத்தில் திரவமாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மேலே தள்ளுவதற்கென்றே வைத்த குழாய் அது. அந்தத் திரவம் ரெகுலேட்டருக்குள் போனால் ரெகுலேட்டர் காலி, வால்வு திறந்தபடி நின்றுவிட்டால் தொட்டியில் மீனும் மிஞ்சாது. கழுத்தில் டெஸ்ட் தேதி அடித்த சிலிண்டரையே வாங்குங்கள். 5 வருஷத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குமா என்று பார்ப்பது) ஆகியிருக்க வேண்டும். சிலிண்டருக்குள் 20 டிகிரியில் 57 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்று ஒன்று இருக்காது, அழுத்தம் சரசரவென ஏறும். அதனால் மொட்டை மாடி, ஜன்னலோரம் இரண்டும் கூடாது. ரீஃபில் செய்பவர் எடை போட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒரு கிலோ கூடவே போடுகிறேன் என்று யாராவது அன்பாகச் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

கேஜை வைத்து மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. திரவம் இருக்கும்வரை முள் பெரிதாக இறங்காது. இறங்கத் தொடங்கிவிட்டால் முடியப்போகிறது என்று அர்த்தம். அழுத்தத்தை ஒரே கட்டத்தில் குறைக்கும் சிங்கிள் ஸ்டேஜ் ரெகுலேட்டர் என்றால் அந்தக் கடைசி நேரத்தில் கேஸ் திடீரென்று அதிகமாகக் கொட்டலாம். இரண்டு கட்டமாகக் குறைக்கும் டூயல் ஸ்டேஜ் வாங்க முடிந்தவர்கள் அதையே வாங்கலாம்.

எந்த முறையானாலும், தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் ஒன்று தொட்டிக்குள் இருக்கட்டும். நீலம் என்றால் கேஸ் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் உடனே குறைக்க வேண்டும். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதனால் மீனையும் பார்த்துக்கொண்டே இருங்கள். அதற்குள் ஊற்றுவது 4 டிகிரி கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) கரைசலாக இருக்க வேண்டும். நம்ம பக்கத்து போர் தண்ணீரை அப்படியே ஊற்றினால் நிறம் பொய் சொல்லும்.

சிலிண்டரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, சாயாதபடி ஸ்டாண்டோடு கட்டி வையுங்கள். ரீஃபில் எடுத்து வந்து மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். 2 கிலோ கேஸ் முழுக்கக் கசிந்தால் பத்துக்குப் பத்து அறையின் காற்றில் 4 சதவீதம் வரை கார்பன் டை ஆக்சைடு ஆகிவிடும். அது ஆளுக்கே ஆபத்தான அளவு. கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்குகிற அறையில் தொட்டி இருந்தால், சிலிண்டரை அறைக்கு வெளியே நிழலில் வைத்து டியூபை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.