டைமிங் செயின் கைடு மாற்றி மூன்று வருடம்: கடலூர் – புதுச்சேரி ஓட்டத்தில் என் அனுபவம்

என் டீசல் காரில் டைமிங் செயின் கைடு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு), கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இரண்டையும் இணைத்து ஓடும் சங்கிலிதான் டைமிங் செயின். அது உரசி ஓடும் தாங்கு பட்டைதான் கைடு. அதற்கப்புறம் 40,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. வேலை முடிந்த வாரமே எழுதியிருந்தால் "சத்தம் போச்சு, வண்டி சூப்பர்" என்று முடித்திருக்கலாம். ஆனால் இந்த வேலை சரியாக அமைந்ததா என்று தெரிய இரண்டு மழைக்காலமாவது கடக்க வேண்டும். ஆயில் எங்காவது கசிகிறதா, சத்தம் திரும்புகிறதா என்றெல்லாம் பொறுத்துத்தான் தெரியும். அதனால் இப்போது எழுதுகிறேன்.

வண்டி நாலு சிலிண்டர் டீசல் ஹேட்ச்பேக், டிஎன் 31 பதிவு. கம்பெனி பெயர் இங்கே முக்கியமில்லை. செயின் ஓடும் எந்த எஞ்சினுக்கும் இது பொருந்தும். வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரம். வாரத்தில் பாதி நாள் புதுச்சேரிக்குப் போய் வருவேன். மீதி நாள் மஞ்சக்குப்பம், லாரன்ஸ் ரோடு என்று ஊருக்குள்ளேயே சின்னச் சின்ன ஓட்டம். இந்தச் சின்ன ஓட்டம்தான் எஞ்சினுக்குக் கெடுதல். ஆயில் முழுச் சூடு ஏறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். டீசல் எஞ்சினில் கரி ஆயிலோடு கலந்துகொண்டே இருக்கும். அந்தக் கரிதான் செயினின் பின்களையும் புஷ்களையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. செயின் "நீண்டுவிட்டது" என்று மெக்கானிக் சொல்வதெல்லாம் இந்தத் தேய்மானம்தான். ஒவ்வொரு கண்ணியிலும் முடியளவு தேய்ந்தாலும், மொத்தமாகச் சேரும்போது செயின் தொய்ந்துவிடும்.

செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட் ஓடும் வண்டிக்கு இத்தனை கிலோமீட்டரில் மாற்று என்று கையேட்டிலேயே போட்டிருக்கும். செயின் வண்டிகளில் பெரும்பாலும் அப்படிப் போட்டிருக்காது. அதை வைத்து "செயின்னா ஆயுசுக்கும் கவலையில்லை" என்று விற்கிறவர்களும் சொல்கிறார்கள், நாமும் நம்புகிறோம். செயின் இரும்புதான். ஆனால் அது உரசி ஓடுவது பிளாஸ்டிக் மேலே. ஒரு பக்கம் அசையாத கைடு, தொய்வான பக்கம், செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனர் தள்ளிக்கொண்டிருக்கும் வளைந்த கை. இரண்டின் முகப்பும் நைலான் வகைப் பிளாஸ்டிக். பல கைடுகளின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பிஏ66 என்று அச்சே இருக்கும், அதாவது நைலான் 66. சூடான ஆயிலில் வருடக்கணக்காகக் கிடந்தால் அதுவும் இறுகி, நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்.

எனக்கு வந்த அறிகுறி இதுதான். வண்டி ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டரைத் தொடும் சமயம், காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து ஒரு கலகல சத்தம். தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி. இரண்டு விநாடி இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். சூடான எஞ்சினை எத்தனை முறை ஸ்டார்ட் செய்தாலும் வராது. டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அழுத்தம் ஏற ஒரு நொடி, இரண்டு நொடி ஆகும். அதுவரை தொய்ந்த செயின் கைடில் போய் அடிக்கும். அதனால் இந்தச் சத்தத்தை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டுமென்றால் வண்டியை ராத்திரியே அங்கே விட்டுவிட வேண்டும். ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் அவர் காதுக்கு ஒன்றுமே கேட்காது.

கம்பெனி சர்வீஸ் சென்டர் ஒன்றில் எஞ்சினையே இறக்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகைக்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் டீசல் வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். வண்டியை விட்டுவிட்டு மறுநாள் காலை போனபோது, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை டைமிங் கவரில் ஊன்றிக்கொண்டு, பையனை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு தடவை, வேக்குவம் பம்ப் பக்கம் ஒரு தடவை கேட்டார். அவையும் இதே மாதிரிச் சத்தம் கொடுக்கும், ஆனால் சூடானாலும் விடாது என்றார்.

"அண்ணே, கைடு மட்டும் மாத்தினா போதுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். கைடு விலை கம்மிதான், அதை எடுக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் பிரிச்சாகணும். பிரிச்ச அப்புறம் பழைய செயினையே மாட்டினா, அது புதுக் கைடையும் தின்னுடும். கிட்டா வாங்கிடுங்க. சம்ப்பையும் இறக்கிடலாம்."

இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். கைடு உடைந்ததா, செயின் தொய்ந்ததா, டென்ஷனர் போனதா என்று தனித்தனியாகப் பார்க்காதீர்கள். செயின், இரண்டு கைடு, டென்ஷனர், கிராங்க், கேம் இரண்டின் ஸ்ப்ராக்கெட் (செயின் மாட்டும் பல்சக்கரம்), முன் ஆயில் சீல், புதிய கிராங்க் போல்ட் எல்லாம் ஒன்றாக மாற வேண்டும். சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) இறக்கி, அதற்குள் இருக்கும் ஆயில் வடிகட்டி வலையான ஸ்ட்ரெய்னரைக் கழுவுவதை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது.

ஏன் என்பதைக் கண்ணால் பார்த்தேன். கவரைக் கழற்றியதும் பழைய கைடை என் கையில் கொடுத்தார். புதிது பால் வெள்ளை. இது திக்கான டிகாஷன் நிறம். நடுவில் செயின் ஓடிய தடம் இரண்டு இணைகோடுகளாகக் குழிந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் நகம் உள்ளே இறங்கியது. மேல் நுனியில் ஒரு துண்டு காணோம். லேசாக வளைத்தேன், போல்ட் துளையை ஒட்டி டக்கென்று முறிந்தது. காணாமல் போன துண்டு சம்ப்புக்குள் கிடந்தது. ஆயில் பம்ப் உறிஞ்சும் வாயில் இருக்கும் கம்பி வலையில் வெட்டிய நகத்துண்டு அளவில் பழுப்புச் சில்லுகள், கூடவே எப்போதோ யாரோ அள்ளிப் பூசிய சிலிக்கான் பசையின் நூல்கள். வலையில் கால்வாசி அடைபட்டிருந்தது. இதை அப்படியே விட்டுப் புதுக் கிட் போட்டிருந்தால் ஆயில் அழுத்தம் குறைவாகவே இருந்திருக்கும். புது டென்ஷனருக்கும் பலமிருக்காது, டர்போவும் காயும்.

பழைய செயினையும் புதியதையும் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்துக் காட்டினார். புதியது விறைப்பாக நின்றது, பழையது வளைந்து தொங்கியது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் தாண்டியிருக்கலாம். கிராங்க் இரண்டு சுற்றுக்கு கேம் ஒரு சுற்று என்று ஓடும் இரண்டின் பொருத்தம் தப்பினால், திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் வந்து இடிக்கலாம். இடித்தால் பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் வால்வு வளைந்து ஹெட்டே இறக்க வேண்டியதாகிவிடும். அப்போது செலவு பல மடங்கு.

வேலை இரண்டு நாள் எடுத்தது. எஞ்சினை இறக்கவில்லை. சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்கி, ஒரு பக்க மவுண்டிங்கை மட்டும் கழற்றினார். சம்ப் கழற்றும்போது மேலிருந்து சங்கிலி போட்டுத் தூக்கிப் பிடித்தார். அதிக நேரம் பிடித்தது போல்ட்டுகள்தான். எங்கள் கடற்காற்றில் சம்ப் போல்ட்டுகள் எல்லாம் துருவேறித் தலை உருண்டுபோயிருந்தன. முந்தின நாள் மாலையே துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டும் இரண்டு போல்ட் உடைந்தது, துளையிட்டுத்தான் எடுத்தார். கடலூர், புதுச்சேரி, மரக்காணம் என்று கடலை ஒட்டி வண்டி வைத்திருப்பவர்கள் புது போல்ட் செட்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல மெக்கானிக்கா என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில அடையாளங்கள் கிடைத்தன. கிராங்க் போல்ட்டைக் கழற்றும் முன் கேமுக்கும் ஃப்ளைவீலுக்கும் அவை அசையாமல் பிடிக்கும் லாக் டூல் போட்டார், பெயிண்ட் குறியை நம்பி இறங்கவில்லை. போல்ட்டை டார்க் ரெஞ்சில் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முறுக்கி, அப்புறம் கோண அளவு வைத்துத் திருப்பினார். டென்ஷனர் பின்னைக் கடைசியாகத்தான் உருவினார். கவர் மூடும் முன் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, லாக் டூல் மறுபடி தானாகப் பொருந்துகிறதா என்று பார்த்தார். சிலிக்கானை மெல்லிய கோடாக மட்டும் விட்டு, ராத்திரி முழுக்கக் காயவிட்டார். மறுநாள் டீசல் இன்ஜெக்டருக்குப் போகாதபடி கனெக்டரைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் மட்டும் அடித்தார். இதில் லாக் டூல், கையால் சுற்றிப் பார்ப்பது இரண்டையும் செய்யாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பாகம், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாயைத் தாண்டியது. கிட்டை சென்னை ஜிபி ரோட்டிலிருந்து வரவழைத்தோம். பாதி விலைக்கு லோக்கல் கிட் கிடைக்கிறது. அதன் கைடு விளிம்பில் பிசிறு இருந்ததைப் பார்த்ததுமே வேண்டாம் என்றுவிட்டேன்.

சரி, இந்த மூன்று வருட நிலவரம். காலை ஸ்டார்ட் சுத்தமாக இருக்கிறது. மைலேஜ் கூடவில்லை, கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் 1,000 கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றினோம், மிச்சம் மீதி சில்லு வெளியே வரட்டும் என்று. அதற்குப் பிறகு கையேட்டில் 10,000 என்றிருந்தாலும் 7,500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுகிறேன். இரண்டாவது வருடம் டைமிங் கவரும் சம்ப்பும் சேரும் மூலையில் லேசாக ஆயில் வியர்த்தது. சொட்டவில்லை, ஆனாலும் காட்டினேன். அந்த இடத்தைச் சுத்தம் செய்து சரிசெய்து கொடுத்தார், கூலி வாங்கவில்லை.

ஒரே ஒருமுறை அந்தக் கலகல சத்தம் திரும்பியது. அவசரத்துக்கு வேறொரு கடையில் ஆயில் மாற்றிய மறுநாள் காலை. எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. மேட்டுப்பாளையம் அண்ணன் போனிலேயே "ஃபில்டர் என்ன போட்டாங்க சார்?" என்றுதான் கேட்டார். ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. விலை குறைந்த ஃபில்டரில் அது சரியாக மூடுவதில்லை. ராத்திரியில் ஆயில் கீழே வடிந்துவிட்டால், காலையில் டென்ஷனருக்கு ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். நல்ல ஃபில்டர் போட்ட மறுநாளே சத்தம் போய்விட்டது. புதுக் கிட் போட்ட வண்டியிலேயே இப்படியென்றால், தேய்ந்த வண்டியில் அந்த ஃபில்டர் தினமும் கைடை அடித்துக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியில் இந்தச் சத்தம் புதிதாக வந்திருந்தால், எஞ்சினைப் பிரிக்கும் முன் முதலில் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் தண்ணீர் புகுந்தபோது, என் வண்டியும் சக்கரத்தின் பாதி வரை தண்ணீரில் நின்றது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்யாமல் முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம், அந்த ஆயிலோடு ஸ்டார்ட் செய்தால் பேரிங், செயின், டென்ஷனர் எல்லாமே பாழ். நல்லவேளை, நிறம் மாறவில்லை.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிஒய் 01 வண்டி விலை படிகிறது என்று இங்கிருந்து நிறையப் பேர் புதுச்சேரிக்குப் போய்ப் பார்க்கிறார்கள். நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலையில் போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஜில்லென்று இருந்தால் பானெட்டைத் திறந்து, பெல்ட் பக்கம் நின்றுகொண்டு, சாவியை அவரையே திருப்பச் சொல்லுங்கள். சத்தம் கேட்டால், செயின் கிட் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம்.