டிபிஎஃப் (டீசல் வண்டியின் புகை வடிகட்டி) கிளீனிங்குக்கு வண்டி விடுகிறவர்கள் கவனத்துக்கு

கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கோட்டயம், சங்கனாச்சேரிக்குக் காய்கறி லோடு அடிக்கும் பிஎஸ்6 (புது மாசு விதிப்படி வந்த) பிக்கப்காரர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

மழை சீசனில் கேரள லோடு குறைந்து, என் வண்டி தோட்டத்துக்கும் சந்தைக்கும் மட்டுமே ஓடியது. குட்டி ஓட்டத்தில் சைலன்சர் போதிய அளவு சூடேறாது. 550, 600 டிகிரி வந்தால்தான் டிபிஎஃப்பில் சேர்ந்த கரி எரியும். டேஷ்போர்டில் டிபிஎஃப் அடைப்பைக் காட்டும் லைட் எரிந்தது. லேசான அடைப்பென்றால் ஸ்கேனர் போட்டு ரீஜெனரேஷன், அதாவது கரியைச் சூட்டில் எரிக்கும் வேலை, கொடுத்தாலே தீரும். ஒர்க்‌ஷாப்பிலோ "கழற்றிக் கழுவணும்ணே" என்று 15,000 ரூபாய் வாங்கினார்கள். லைட் அணைந்தது, இழுவையும் பிரமாதம்.

குமுளியில் புகை சர்டிபிகேட் புதுப்பிக்கப் போனபோது குட்டு உடைந்தது. புகை அடர்த்தி அளவு பழைய பிஎஸ்4 டீசலுக்கு 1.62 வரை விடுவார்கள், பிஎஸ்6-க்கு 0.7தான். என் வண்டி இரண்டுக்கும் நடுவில் நின்றது. சோதித்த பையன் ஸ்பேனரால் டிபிஎஃப் டப்பாவைத் தட்டினான். காலி டின் சத்தம்! வேறொரு மெக்கானிக் சென்சார் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார். உள்ளே கரியைப் பிடிக்கும் செராமிக் கூடே இல்லை. கண்ணில் படாத மேல்பக்கமாக வெட்டி எடுத்து, வெல்டு வைத்து, லைட் எரியாதபடி இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவையும் மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கூட்டில் பிளாட்டினம் பூச்சு உண்டு, ஸ்கிராப்பில் நல்ல விலை போகும். கூலிக்குக் கூலி, சரக்குக்குச் சரக்கு.

கழுவிக் கொடுத்தவர்களிடம் போய்க் கேட்டால், "அதான் லைட் எரியலையேண்ணே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். சர்டிபிகேட்டுக்கு வண்டியே வர வேண்டாமாம், நம்பர் பிளேட் போட்டோ போதுமாம்! சர்டிபிகேட் இருந்தாலும் கரும்புகை தள்ளினால் அதிகாரிகள் மறுபடி சோதிக்கச் சொல்லலாம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸும் 3 மாதம் போகும். அதெல்லாம் ஓட்டுகிறவன் தலையில்தான் விடியும்.

டிபிஎஃப் சரியாக இருக்கும் வண்டியில் சைலன்சர் குழாய்க்குள் விரல் விட்டால் கரி அப்பாது. அப்பினால் சந்தேகப்படுங்கள். கிளீனிங்குக்கு விடும்முன் டப்பாவை எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள். பிரஷர் ரீடிங்கை முன்னும் பின்னும் ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். கட்டிங் மெஷினை எடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

என் பில்லில் ‘டிபிஎஃப் கிளீனிங்’ என்றே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.