டி.எல்.டி. மாத்திரை: வருஷக்கணக்கில் போட்டால் தெரிவது

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஏ.ஆர்.டி. மையங்களில் (எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் அரசு மையங்கள்) இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தருவது டி.எல்.டி.தான். டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒன்று. பழைய எஃபாவிரென்ஸ் மாத்திரையின் கிறுகிறுப்பும் கண்டபடி கனவும் இதில் குறைவு. தூக்கம் கெட்டால் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். எடை ஏறுவதுதான் நிஜமான குறை.

பலரும் சி.டி.4 எண்ணையே (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புச் சக்திச் செல்களின் எண்ணிக்கை) பார்த்துக் கவலைப்படுகிறார்கள். மாத்திரை வைரஸ் பெருகுவதைத்தான் நிறுத்தும். செல்களை உடம்புதான் உண்டாக்க வேண்டும். முதல் சில மாதம் எண் சட்டென்று ஏறும். நிணநீர்க் கணுக்களில் அடைபட்டிருந்த நினைவுச் செல்கள் (பழைய கிருமிகளை அடையாளம் வைத்திருக்கும் செல்கள்) ரத்தத்துக்குத் திரும்புவதுதான் அதற்குக் காரணம். பிறகு நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பி புதுச் செல் தர வேண்டும். வயது ஏற ஏற அது மெதுவாகும். முதல் வருஷத்தில் 50 முதல் 150 வரை ஏறினாலே நல்லது. சி.டி.4 40, 50-இல் இருக்கும்போது தொடங்கியவர் 200-ஐத் தாண்ட வருஷங்கள் ஆகலாம். வேறு தொற்று வராமல் தடுக்கத் தரும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரையை நீங்களாக விடக்கூடாது. 350-ஐத் தாண்டி நிலைத்த பிறகு டாக்டரே நிறுத்துவார். வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு) அடங்கியிருந்து சி.டி.4 மட்டும் நகராவிட்டால் மருந்து தோற்கவில்லை, மாற்றியும் பயனில்லை. ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பின் வருஷம் ஒருமுறை வரும் வைரல் லோடு ரிப்போர்ட்டை நம்புங்கள்.

தொடங்கிய சில வாரத்தில் காய்ச்சல் வந்து கழுத்தில் நெறி கட்டினால், தேறிவரும் எதிர்ப்புச் சக்தி உள்ளே ஒளிந்திருந்த காசநோயோடு மோதுவதாக இருக்கலாம். குறிப்பாக சி.டி.4 100-க்குக் கீழே இருந்தவர்களுக்கு. அன்றே மையத்துக்குப் போங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் சேர்ந்தால் டோலுடெக்ராவிர் 50 இன்னொன்று, 12 மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரையோடு சேர்த்தால் டோலுடெக்ராவிர் உடம்பில் சேராது. சாப்பாட்டோடு என்றால் சேர்த்துப் போடலாம். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் என்றால் சாப்பாட்டோடும் கூடாது: டி.எல்.டி.யை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறவர்கள் நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள் ஷிப்டை வைத்து நேரம் குறிக்காமல் கடிகாரத்தை வைத்துக் குறிப்பதே நல்லது. லாரியில் லைனுக்குப் போகிறவர்கள் டப்பாவை டேஷ்போர்டு வெயிலில் வைக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும் எறியக்கூடாது. ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் வீக்கம் சீறிக் கிளம்பும், ஏனெனில் டெனோஃபோவிரும் லாமிவுடினும் அதையும் சேர்த்தே அடக்கி வைத்திருக்கின்றன.