வீல் ஆஃப் டைம்: பதத்துக்கு வந்தப்ப அடுப்பை அணைச்சுட்டாங்க

பிரைம் வீடியோல இருக்கற வீல் ஆஃப் டைம் சீரிஸை இப்ப போய்ப் பாக்கலாமா வேணாமானு யோசிக்கறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ. மூணு சீசன், 24 எபிசோட், 2025 மே மாசம் கேன்சல் பண்ணிட்டாங்க, கதை பாதில நிக்குது. அது தெரிஞ்சும் பாக்கலாம்னுதான் நான் சொல்வேன். ஆனா அதுக்கு முன்னாடி இதோட மூலமான ஃபேன்டஸி புக் வரிசையோட ஃபேன்ஸ் வருஷக்கணக்கா போட்ட சண்டையைக் கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா அந்தச் சத்தத்தைக் கேட்டே நெறைய பேரு மொத சீசனோட ஓடிட்டாங்க, ஓடினவங்க நல்ல பகுதி எதையும் பாக்கவே இல்ல. ஸ்பாய்லர் இருக்கு, முக்கியமான சாவு எல்லாம் வரும், அதனால இங்கயே சொல்லிட்டேன், அப்புறம் திட்டாதீங்க.

புக்கோட சைஸ் தெரிஞ்சாதான் ஃபேன்ஸோட கோவமும் புரியும். ராபர்ட் ஜோர்டன் மொத புக்கை 1990ல விட்டார், எழுதிக்கிட்டே இருந்தார், 2007ல இறந்துட்டார். அவர் விட்டுட்டுப் போன குறிப்பெல்லாம் வெச்சு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூணு புக்கை எழுதி 2013ல முடிச்சார். மொத்தம் 14, அது போக முன்கதையா ஒண்ணு. ஒவ்வொண்ணும் தலகாணி சைஸ். ஸ்கூல்ல படிக்கறப்ப மொத புக்கை எடுத்தவன் கடைசி புக்கை முடிக்கறப்ப அவன் புள்ள ஸ்கூல் போயிருக்கும், அவ்ளோ வருஷம் கூடவே வந்த கேரக்டர்ஸ் இவங்க. அவங்க மேல கை வெச்சா சும்மா இருப்பாங்களா?

கதை ரொம்பச் சுருக்கமா. காலம் ஒரு சக்கரம், யுகம் யுகமா சுத்தும், செத்தவங்க திரும்பப் பொறப்பாங்க, இதெல்லாம் நமக்கு யாரும் வெளக்க வேண்டியதில்ல. மந்திர சக்தில ஆம்பளைங்க பாதி மட்டும் கெட்டுப்போயிருக்கு, அதைத் தொடற ஆம்பளைக்குப் பைத்தியம் புடிச்சிரும், அதனால உலகத்துல அதிகாரம் பூரா ஏஸ் செடாய்னு ஒரு பெண்கள் கூட்டத்துக்கிட்ட இருக்கு. அதுல ஒருத்தி மொய்ரைன், உலகத்தைக் காப்பாத்தப் போற (இல்ல அழிக்கப் போற) ஆளு மறுபிறவி எடுத்திருக்கான்னு ஒரு கிராமத்துக்குத் தேடி வர்றா. புக்ல அது ராண்ட்ங்கற கிராமத்துப் பையன்தான்னு படிக்கறவனுக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிரும். சீரிஸ்ல அதை சஸ்பென்ஸ் ஆக்கி, பொண்ணுங்களையும் லிஸ்ட்ல சேத்து, ஏழாவது எபிசோட் வரைக்கும் இழுத்தாங்க. மொத கோவம் அங்கதான் ஆரம்பிச்சுது, ஹீரோவை எட்டுல ஏழு எபிசோடுக்கு ஓரமா உக்கார வெச்சா வேற என்ன நடக்கும்.

உண்மைல அதுக்கும் முன்னாடியே சண்டை தொடங்கிருச்சு. 2019ல நடிகர்கள் பேரை அறிவிச்சப்பவே கிராமத்துப் பசங்க ஏன் வெள்ளைக்காரங்களா இல்லனு ஒரு குரூப்பு கத்துச்சு. இதுல எனக்கு அவங்க மேல மரியாதையே இல்ல, ஏன்னா புக்கே அந்த ஊர்க்காரங்களைக் கருத்த முடி, கருத்த கண்ணுனுதான் சொல்லுது, ராண்ட் மட்டும்தான் செவப்பு முடியோட தனியாத் தெரிவான், கதையோட முடிச்சே அதுலதான் இருக்கு. பிரியங்கா போஸ் கூட ஏஸ் செடாயா வர்றாங்க, அலான்னா, பச்சை ட்ரெஸ், அவங்க வந்து நின்னா ஸ்கிரீன்ல ஒரு தெனாவட்டு இருக்கும் பாருங்க, சூப்பர்.

ஆனா பெரின் விஷயத்துல ஃபேன்ஸ் கோவம் நூத்துக்கு நூறு நியாயம். பெரின் ஒரு கொல்லன், ஆளு மலை மாதிரி இருப்பான், தன் கை பட்டு யாருக்காவது அடிபட்டுருமோன்னு எப்பவும் நிதானமாவே நடப்பான். புக்ல அந்தப் பயம் உள்ளுக்குள்ளயே ஓடும். டீவில உள்ள ஓடறதைக் காட்ட முடியாது, சரி. அதுக்கு இவங்க கண்டுபுடிச்ச வழி, புக்ல இல்லாத ஒரு பொண்டாட்டியைக் குடுத்து, ட்ராலக்ங்கற மிருக மூஞ்சி அரக்கக் கூட்டம் ஊருக்குள்ள பூந்த ராத்திரி பட்டறைக்குள்ள கோடாலியைச் சுத்திக்கிட்டு இருக்கறவன் திரும்பற வேகத்துல அவ வயித்துலயே வெட்டிட்டான்னு வெச்சது, அதுவும் மொத எபிசோட்ல! சாண்டர்சனே இது வேணாம்னு சொன்னதாவும், செத்தே ஆகணும்னா அவனோட குருவான கொல்லனைத் தெரியாம கொன்ன மாதிரி வைங்கன்னு கேட்டதாவும் பின்னாடி வெளிய சொல்லிட்டார். என் கணக்குல மாத்தினதை விடப் பெரிய தப்பு, மாத்திட்டு அதை அம்போன்னு விட்டது. பொண்டாட்டியைத் தன் கையால கொன்னவன் அடுத்த ஏழு எபிசோடும் சோகமா மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்து வர்றான், கூட வர்றவங்க அதைப் பத்திப் பேசறதே அபூர்வம், அந்த நடிகர் மார்க்கஸ் ரதர்ஃபோர்ட் பாவம், குடுத்த ஒத்த எக்ஸ்பிரஷனை வெச்சு சீசனையே ஓட்டினார்.

மொத சீசன் கடைசி எபிசோடைப் பத்தி ரொம்பப் பேச விரும்பல. நடுவுல கோவிட் வந்து ஷூட்டிங் நின்னுபோச்சு, ராண்டோட நண்பன் மேட்டா நடிச்ச பார்னி ஹாரிஸ் விட்டுட்டுப் போயிட்டார், அதனால எல்லாரும் வழிவாசல்ங்கற மந்திரக் குறுக்குவழிக்குள்ள போறப்ப மேட் மட்டும் வெளியவே நின்னுட்டான், கதையை அவசர அவசரமா ஒட்டுப் போட்டாங்க, ஒட்டு அப்பட்டமாத் தெரிஞ்சுது. ராண்ட் பண்ண வேண்டியதைப் முழுசாப் பயிற்சி இல்லாத நாலஞ்சு பொம்பளைங்க சேந்து பண்ணி ஒரு படையையே எரிச்சாங்க, அதுல கருகிப்போன கிராமத்து வைத்தியச்சி நைனீவ் அடுத்த நிமிஷம் எந்திரிச்சு உக்காந்தா. அன்னிக்கு ஆன்லைன்ல நடந்த கூத்து இருக்கே, அம்மாடி! புக் மட்டும்தான் சாமின்னு நிக்கறவங்களுக்கு 'புக்க்ளோக்'னு பேரு வெச்சதெல்லாம் இந்தச் சண்டைலதான், கதைல வர்ற வெள்ளை அங்கி மதவெறிக் கூட்டமான ஒயிட்க்ளோக்ஸை வெச்சு ஓட்டினது. பதிலுக்கு அவங்க சீரிஸ் புடிச்சவங்களை அமேசான் அடிமைன்னாங்க. பேரை வெச்சு ஓட்டினதுல சீரிஸைப் பத்திப் பேசறதே நின்னுபோச்சு.

இத்தனைக்கும் அதே சீசன்ல நல்லது இருந்துச்சு. ரெண்டாவது எபிசோட்ல குதிரை மேல போய்க்கிட்டே மொய்ரைன் மனெத்தரன் கதையைச் சொல்ற எடம், பெருசா கிராஃபிக்ஸ் எதுவும் இல்ல, ரோசமண்ட் பைக்கோட கொரல் மட்டும்தான், ஒரு ராஜ்ஜியம் அழிஞ்சது கண்ணு முன்னாடி வந்துச்சு. ஏழாவது எபிசோட் தொடக்கத்துல பனி மலைல ஒரு நெறமாசக் கர்ப்பிணி தனியா நின்னு கவசம் போட்ட சிப்பாய்ங்களோட சண்டை போடுவா, வலி வர்றப்ப மூச்சை இழுத்துப் புடிச்சு, வலி வுட்டதும் ஈட்டியைத் தூக்கி, ஒவ்வொருத்தனா சாய்ச்சிட்டுப் பாறையோரமா உக்காருவா, அவதான் ராண்டோட அம்மா. புக்ல அந்தப் பிரசவம் பேச்சு வாக்குல சொல்ற பழைய கதையாத்தான் வரும், ஸ்கிரீன்ல இப்படி விரிச்சதுக்கு ஒரு புக்க்ளோக் கூட வாயைத் தொறக்கல. அப்பவே தெரிஞ்சுது, மாத்தறது இவங்க பிரச்சினையே கெடையாது, நேரம் குடுத்து எடுத்ததெல்லாம் நின்னுருக்கு, அவசரத்துல எடுத்ததெல்லாம் விழுந்துருக்கு. சீசனுக்கு எட்டே எபிசோடுன்னு கட்டிப்போட்டா 14 புக்குல எதைனு எடுப்பாங்க.

ரெண்டாவது சீசன் 2023 செப்டம்பர்ல வந்துச்சு, அதுக்குள்ள ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. மேட்டுக்கு டோனல் ஃபின் வந்தார், வந்ததும் எல்லாரும் பழசை மறந்தாங்க. அதே கிராமத்துப் பொண்ணு எக்வேனைச் சக்தியை அடக்கற கழுத்துப்பட்டை மாட்டி நாய் மாதிரி பழக்கற எபிசோட் இருக்கே, தண்ணி ஊத்திக் குடிக்கணும்னு ஜாடியைத் தொட நெனைச்சா வலிக்கும், ஏன்னா அதை ஆயுதமா நெனைக்கிறான்னு பட்டை முடிவு பண்ணிரும், அந்த ஜாடியை மட்டும் காட்டிக் காட்டி மேடலின் மேடனை நடிக்க வுட்டாங்க, என்னால ஒரே மூச்சுல பாக்க முடியல. நடாஷா ஓகீஃபோட லான்ஃபியர் வேற, வில்லின்னா இவதான், எதிர் முகாமும் இவளுக்கு மட்டும் கை தட்டுச்சு. கடைசில வாள் சண்டைக்காக உக்காந்திருந்த ரசிகனுக்கு ராண்ட் வாளையே எடுக்காம மந்திரத்தால ஒரே வீச்சுல கதையை முடிச்சது ஏமாத்தம், ஆனா எனக்கு சிரிப்பு வந்துருச்சு, சக்தி இருக்கறவன் எதுக்கு வாள் சுத்தணும்?

இப்ப மூணாவது சீசன். 2025 மார்ச் 13. இது பெரும்பாலும் நாலாவது புக்கு, ஃபேன்ஸ்ல பாதிப் பேருக்கு இதுதான் இருக்கறதுலயே உசத்தி. மொத காட்சியே ஏஸ் செடாயோட தலைமையகமான ஒயிட் டவர் சபைல அவங்களுக்குள்ளயே அடிதடி, லியாண்ட்ரினும் துரோகிங்களும் ஒருபக்கம், மத்தவங்க ஒருபக்கம், பத்து நிமிஷத்துல இந்த சீரிஸ் வேற லெவலுக்குப் போயிருச்சுனு தெரிஞ்சிரும். நாலாவது எபிசோட் ருய்டியன். ஐயீல்னு ஒரு பாலைவனக் கூட்டம், எதுக்கும் பயப்படாது, ஈட்டி எடுக்கும், வாளை மட்டும் தொடாது, ஏன்னு கேட்டா சொல்லாது. அவங்க தலைவன் ஆகணும்னா ருய்டியன்ல கண்ணாடித் தூண்களுக்கு நடுவுல நடந்து போகணும். ராண்ட் ஒவ்வொரு எட்டு வெக்கறப்பவும் தன்னோட முன்னோர் ஒருத்தனோட ஒடம்புக்குள்ள போறான், காலம் பின்னாடி பின்னாடி போகுது, அத்தனை பேரையும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கியே நடிச்சிருக்கார், ஒருத்தன் நடை இன்னொருத்தனுக்கு இல்ல. பின்னாடி போகப் போக விஷயம் தெரியுது, இந்தக் கொலகாரக் கூட்டம் ஒரு காலத்துல ஆயுதமே தொட மாட்டோம்னு சத்தியம் பண்ணி வாழ்ந்த சனம். மொதமொதல்ல ஒருத்தன் சொந்தக்காரப் பொண்ணுங்களைக் காப்பாத்த ஈட்டியைத் தூக்குனான், தூக்குனவனைச் சொந்த வீடே ஏத்துக்கல, உன் மூஞ்சியப் பாக்க மாட்டோம்னு ஒதுக்கிருச்சு. ஐயீல் இன்னிக்கும் கொல்றதுக்கு முன்னாடி மொகத்தை மூடறாங்களே, அதோட வேர் அங்க இருக்கு. படிச்சப்ப எனக்கு இது மண்டைக்கு எட்டுச்சு, பாத்தப்ப நெஞ்சுக்கு எட்டுச்சு, இதை நான் எந்த புக் அடாப்டேஷனுக்கும் சுலபத்துல சொல்ல மாட்டேன்.

அந்த வாரம் ஃபேன்ஸ் ரியாக்‌ஷனைப் பாக்கணுமே! மூணு வருஷமாத் திட்டினவன்லாம் 'சரிடா ஒத்துக்கறேன்'னு வந்து நின்னான். புக்க அப்படியே எடுத்ததாலதான் நல்லா வந்துச்சுன்னு ஒரு கோஷ்டி சொல்லுச்சு, அது முழு உண்மை கெடையாது, இதுலயும் சுருக்கினாங்க, ஆளைக் கொறைச்சாங்க. ஒரு எபிசோட் பூராவும் ஒரே எடத்துல நின்னு மூச்சு வுட நேரம் குடுத்தாங்க, வித்தியாசம் அதுதான்.

குறை இல்லாம இல்ல. ஏழாவது எபிசோட்ல ஓகியர்ங்கற ராட்சச இனத்து நண்பன் லோயலைச் சாகடிச்சது தேவையே இல்லாத வேலை, புக்ல அவன் கடைசி வரைக்கும் இருப்பான், கூட்டத்துல எல்லாருக்கும் செல்லம் அவன்தான். ஏஸ் செடாய்க்கெல்லாம் தலைவியா இருந்த சுவானைத் தலைய வெட்டினதுலதான் ஃபேன்ஸ் ரெண்டாப் பொளந்தாங்க. புக்ல அவ சக்தியை மட்டும்தான் புடுங்குவாங்க, ஒண்ணுமில்லாதவளா வெளிய வந்து மூளைய மட்டும் வெச்சுத் திருப்பி அடிப்பா. சோஃபி ஒகோனெடோ அந்தக் கடைசி நேரத்துல நிமிந்து நின்ன விதத்துக்கு நான் எழுந்து நின்னே கை தட்டுவேன், ஆனா அதுக்காக அவளோட நல்ல கதையெல்லாம் போச்சேன்னு கடுப்பும் இருக்கு. ரெண்டும் சேந்தே இருக்கட்டும்.

ஏப்ரல் 17 கடைசி எபிசோட் வந்துச்சு, மே 23 கேன்சல்னு நியூஸ். விமர்சகர்கள்கிட்ட மூணு சீசன்லயும் இதுக்குத்தான் அதிக மார்க்கு, ஆனா ஆகற செலவுக்கு ஏத்த கூட்டம் வரலைங்கறதுதான் கணக்கு. ஃபேன்ஸ் ஆன்லைன் மனு போட்டாங்க, கையெழுத்து லட்சத்தைத் தாண்டிச்சு, ஒண்ணும் நடக்கல. கொடுமை என்னன்னா சந்தோஷப்பட்டவங்களும் இருந்தாங்க, எங்க புக்கைக் கெடுத்ததுக்கு நல்லா வேணும்னு. இனிமே வேற எவன் வந்து 14 புக்கைக் கையில எடுப்பான்னு நெனைக்கிறாங்க, தெரியல. எனக்குக் கம்பெனி மேலதான் கோவம் அதிகம். ஒவ்வொரு சீசனுக்கும் நடுவுல ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் விட்டா இத்தனை பேரு, இத்தனை ஊரு, எவனுக்கு ஞாபகம் இருக்கும். மறந்துபோனவன் திரும்பி வரலைன்னா அதைப் பாத்துட்டு ஆடியன்ஸ் இல்லன்னு முடிவு பண்றது என்ன நியாயம்?

மார்க்கு கேட்டா மொத சீசனுக்கு அஞ்சுக்கு ரெண்டரை, ரெண்டாவதுக்கு மூணரை, மூணாவதுக்கு நாலரை. புக் படிக்காதவங்க மொத சீசனைக் கொஞ்சம் பொறுத்துக்கிட்டு நேரா வரிசையாவே பாருங்க, நடுவுல குதிச்சா யாரு யாருன்னே புரியாது. புக் படிச்சுட்டு மொத சீசன்ல கோச்சுக்கிட்டுப் போனவங்க ரெண்டாவதுல ஆறாவது எபிசோடையும் மூணாவது சீசனையும் மட்டும் பாருங்க, போதும். பாத்து முடிச்சு மீதிக் கதைக்காக அஞ்சாவது புக்கைக் கையில எடுக்காதீங்க, சீரிஸ்ல செத்தவங்க அதுல உயிரோட நடமாடுவாங்க, தலை சுத்திரும், ஒண்ணுலருந்தே ஆரம்பிங்க. படிக்கப் பொறுமை இல்லாதவங்களுக்கு மொத புக்கை ரோசமண்ட் பைக்கே ஆடியோபுக்கா வாசிச்சிருக்காங்க, பஸ்ல போறப்ப கேக்கலாம். எட்டாவது புக்குலருந்து பத்தாவது வரைக்கும் கதை நகரவே நகராது, ஃபேன்ஸே அலுத்துக்கற பகுதி அது, அதுலயும் பத்தாவது புக்குல குளியலும் டீயும் ட்ரெஸ்ஸுமாவே பக்கம் பக்கமாப் போகும், அங்க நாலு அத்தியாயம் தாண்டிப் போனாலும் எந்த புக்க்ளோக்கும் உங்களைத் திட்ட மாட்டான், அவனும் தாண்டினவன்தான்.