ஸ்காட்லாந்தின் பாறை இடுக்குகள்: இறங்கிப் பார்ப்பதா, மேலே நின்று பார்ப்பதா?

கிளாஸ்கோவுக்கு வடக்கே, கிலர்ன் ஊருக்குப் பக்கத்தில் மரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது ஃபின்னிக் கிளென் என்னும் பாறை இடுக்கு. பாசி போர்த்திய செங்குத்துச் சுவர்கள், அடியில் ரத்தச் சிவப்பில் ஓடை என்று ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலரும் கிளம்புகிறார்கள். படம் பொய்யில்லை. ஆனால் அந்தக் காட்சி கிடைக்க அடிவரை இறங்கித் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். மேலே விளிம்பில் நின்றால் கிளைகளும் இருட்டும்தான் தெரியும். அதனால் இறங்க முடியுமா, இறங்க மனமிருக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் கொரிஷாலக், பக்ஸ் கிளென் என்று வேறு இரண்டு இடுக்குகள் இருக்கின்றன. இரண்டுமே குறைந்தவை அல்ல.

ஃபின்னிக்கின் ஆழம் சுமார் 20 மீட்டர். கார்னக் ஓடை மென்மையான செம்மணற்கல்லை அறுத்து உண்டாக்கிய இடுக்கு இது. மட்கிய செடிகளால் ஆன கரிமண் கலந்து டிகாக்ஷன் நிறத்தில் வரும் தண்ணீர், அடியில் சிவப்புக் கல் இருப்பதால் ரத்தம் போலத் தெரிகிறது. வெயில் உச்சிக்கு வரும் நடுப்பகலில்தான் அந்த நிறம் எடுப்பாக இருக்கும். ‘சாத்தானின் பிரசங்க மேடை’ என்ற பெயர் இன்று இடுக்கு முழுவதற்கும் வழங்குகிறது. உண்மையில் அது ஓடைக்குள் நிற்கும் ஒரு பாறையின் பெயர்.

இறங்கும் வழி 1860 வாக்கில் கட்டிய கல்படிகள். சிக்கலே இவைதான். கற்கள் ஒரே உயரத்தில் இல்லை. சில பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன, சில பெயர்ந்தே போய்விட்டன. மேலே ஈரப்பாசி. யாரோ கட்டிவிட்ட கயிறு தொங்கினால் அதை நம்பி உடல் பாரத்தை விடாதீர்கள். அது எத்தனை மழைக்காலம் நனைந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏறும்போது நிலைமை இன்னும் மோசம். ஓடையில் நனைந்த காலணி பாசியில் பிடிக்காது, கணுக்கால் பிசகும். மலை மீட்புக் குழு பலமுறை இங்கே வந்து ஆட்களை மேலே தூக்கியிருக்கிறது. மழை பெய்த மறுநாள் இறங்கவே கூடாது: இடுக்கு குறுகல், தண்ணீர் ஏறினால் ஒதுங்கி நிற்க இடமில்லை.

வண்டி நிறுத்துவதும் தலைவலிதான். ஏ809 சாலையோரம் சில கார்களுக்கே இடம் உண்டு. நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகள் வேகமாகப் போகும். ஸ்காட்லாந்தின் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தனியார் நிலத்திலும் பொறுப்போடு நடந்துபோக உரிமை தருகிறது. வண்டி நிறுத்தும் உரிமையை அது தரவில்லை. நிறத்துக்காக நடுப்பகல் வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், இடம் பிடிக்க விடியற்காலையிலேயே போங்கள். இடமில்லையென்றால் திரும்பிவிடுங்கள். கழிப்பறையும் கிடையாது.

கொரிஷாலக் இதற்கு நேர் எதிர். வடமேற்குக் கடலோர ஊரான உல்லாபூலுக்குத் தெற்கே 20 கிலோமீட்டர், இன்வர்னஸிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆழம் 60 மீட்டர், நீளம் ஒன்றரை கிலோமீட்டர். பனியுகத்தின் முடிவில் உருகிய பனியாற்று நீர், கடினப் பாறையின் வெடிப்புகள் வழியே புகுந்து அறுத்தது. உள்ளே இறங்க வழியில்லை, தேவையும் இல்லை. ஃபோர்த் ரயில் பாலத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ஃபவுலர் 1874-இல் கட்டிய தொங்குபாலத்தில் நின்றால், மெசாக் அருவி சுமார் 45 மீட்டர் விழுவது காலுக்குக் கீழே தெரியும். ஒரு நேரத்தில் ஆறு பேருக்கு மேல் ஏறக்கூடாது. பாலம் நன்றாகவே ஆடும். உயரம் ஆகாதவர்கள் பாலத்தைத் தவிர்க்கலாம் என்றாலும், சற்றுத் தள்ளியுள்ள பார்வை மேடையும் பள்ளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2023-இல் திறந்த வரவேற்பு மையத்தில் கழிப்பறை, காபி, கட்டண வண்டி நிறுத்தம் எல்லாம் உண்டு. ஃபின்னிக்கில் ஆபத்தாகும் மழை இங்கே வரம்: அருவி பெருகும்போதுதான் இந்த இடுக்கின் முழு இரைச்சலும் கேட்கும்.

தூரம்தான் இதன் குறை. கிளாஸ்கோவிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வடமேற்குப் பயணத்தோடு சேர்த்தால்தான் கட்டுப்படியாகும்.

கிளாஸ்கோவில் தங்கி ஒரே நாளில் போய்வர நினைப்பவர்களுக்கு என் தேர்வு பக்ஸ் கிளென். ரயிலில் கூரக் போய், படகில் டனூன் சேர்ந்து, அங்கிருந்து வடக்கே சுமார் 10 கிலோமீட்டர். கார் இருந்தால், சற்றுத் தள்ளி மக்கின்ராய்ஸ் முனையிலிருந்து ஹண்டர்ஸ் கீ படகுத்துறைக்குக் கார் படகு செல்கிறது. ஆழத்தில் மற்ற இரண்டோடும் இது போட்டியிட முடியாது. ஆனால் விக்டோரியா காலத்துப் பாதை ஓடையை ஒட்டியே ஏறி, சின்னச் சின்னப் பாலங்களில் மாறி மாறிக் கடக்கிறது. கைநீட்டினால் பெரணியும் பாசியும் தொடும் தூரத்தில் பாறைச்சுவர். கால் நனையாமல் இடுக்குக்குள் நடக்க இதைவிட நல்ல இடம் தெரியாது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். படிகள் இருப்பதால் குழந்தை வண்டி செல்லாது. மண் சரிந்தும் மரம் விழுந்தும் பாதை மூடப்படுவது உண்டு; கிளம்புமுன் வனத்துறையின் இணையப் பக்கத்தைப் பாருங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை காற்றில்லாத மாலைகளில் மிட்ஜ் என்னும் பொடி ஈ மூன்று இடங்களிலும் மொய்த்துக் கடிக்கும். முகவலையை மறக்காதீர்கள். ஃபின்னிக்குக்கே போவதென்றால் தனியாக வேண்டாம். ஒருவர் மேலேயே நிற்கட்டும், பள்ளத்துக்குள் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. விபத்து நேர்ந்தால் அவர் அவசர எண்ணான 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும்.