பேக்கேஜ் என்று ஒரு வரி: அக்கா மகளின் முதுகெலும்பு அறுவை சிகிச்சை

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, 13 வயது அக்கா மகளுக்கு ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதற்கான அறுவை சிகிச்சை முடிவாகியிருந்தது. வளைவு 50 டிகிரியைத் தாண்டிவிட்டது. டாக்டர் பொறுமையாக விளக்கினார், அவரிடம் ஒரு குறையும் இல்லை. பில்லிங் கவுண்டரில்தான் சிக்கல்.

அக்கா கையில் இருந்த எஸ்டிமேட்டில் ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரி, கீழே மொத்தத் தொகை. “எல்லாம் அடக்கம் மேடம்” என்றார்கள். பிரித்து எழுதித் தரச் சொன்னேன். மறுநாள் வந்த தாளில், முதுகெலும்புகளை நிமிர்த்தி இணைத்துப் பிடிக்கும் ஸ்க்ரூவும் ராடும் ‘உபயோகத்துக்கு ஏற்பத் தனி’ என்று இருந்தது. பில்லில் பெரிய பங்கே அதுதானே! எலும்புக்கு இரண்டு என்று போட்டால் 10 எலும்பை இணைக்க 20 ஸ்க்ரூ வேண்டும். எல்லா எலும்பிலும் போட்டே ஆகவேண்டும் என்பதில்லை. வளைவையும் டாக்டரின் திட்டத்தையும் பொறுத்தது. அதனால் உத்தேச எண்ணிக்கை, ஒரு ஸ்க்ரூவின் விலை இரண்டையும் எழுதி வாங்கினோம். நரம்பு மானிட்டரிங்கும் தனிக் கணக்கு. தண்டுவடத்துக்கு ஆபத்து என்றால் ஆபரேஷன் நடக்கும்போதே எச்சரிப்பது அதுதான், அதில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சின்னப் பையன். அந்த வயதில் எலும்புகளை இணைத்துவிட்டால் முதுகு வளராது. அதனால் வளர வளர நீட்டும் ராடு வைத்திருந்தார்கள். சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்து, திறந்து, நீட்ட வேண்டும். வெளியிலிருந்தே நீட்டும் காந்த ராடும் உண்டு, ஆனால் அதன் விலையை முதலிலேயே மொத்தமாகக் கட்ட வேண்டும். அந்த அப்பாவுக்கு வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அது எந்த பில்லிலும் வராது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. குழந்தையைக் குனியச் சொல்லி முதுகைப் பார்த்தாலே ஒரு பக்கம் மேடாகத் தெரிந்துவிடும். பள்ளியில் யாரும் பார்க்கவில்லை. வளரும் வயதில், 25 முதல் 40 டிகிரிக்குள் கண்டுபிடித்தால் பிரேஸ், அதாவது வளைவு கூடாமல் தடுக்க உடம்பைச் சுற்றி அணியும் கவசம் போட்டுப் பார்க்கலாம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், வளர்ச்சி முடியும் வரை 50 டிகிரியை எட்டாமல் தப்பியவர்கள் பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், போடாதவர்களில் 48 சதவீதம்.

அப்புறம் இன்ஷூரன்ஸ். அட்மிஷனுக்கு முன்பே ஒப்புதலை எழுத்தில் கேட்டதால்தான், ஸ்க்ரூ, ராடு போன்ற இம்ப்ளான்டுக்கு உச்சவரம்பு இருப்பது தெரிந்தது. மீதிப் பணத்தைப் புரட்ட அத்தானுக்குக் கொஞ்சம் அவகாசமும் கிடைத்தது.