தரகரா, டேட்டிங் செயலியா?

கோபிச்செட்டிபாளையத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் தரகர் வந்து உட்கார்ந்ததும், மஞ்சள் பையிலிருந்து ஜாதகக் கட்டு வெளியே வரும். ஓரம் மடிந்த நகல்கள். மூலையில் பென்சிலால் கூட்டத்தின், அதாவது குலப்பிரிவின் பெயர், தோட்டம் எத்தனை ஏக்கர். ஒரே கூட்டம் என்றால் பங்காளி முறை. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். என் தங்கைக்கு வந்த ஜாதகங்களில், பையனுக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரிகூட இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க, இரண்டு ஊர் தள்ளி யாராவது தெரிந்தவர் இருப்பார். அது பெரிய காப்பு.

செயலியில் அந்தக் காப்பு கிடையாது. புகைப்படம் வேறு, ஆள் வேறாக இருக்கலாம். முகம் பார்க்கும் முன்பே பணம் கேட்டால் அன்றே விலகிவிட வேண்டும். ஏமாந்துவிட்டால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இருந்தும் நான் செயலியின் பக்கம்தான். 2014இல் வந்த பம்பிள் செயலி, ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் பிடித்திருப்பதாகக் குறித்தால் பெண்ணே முதலில் பேச்சைத் தொடங்கும் முறையைக் கொண்டுவந்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் பெண்ணுக்கு அது சின்ன விஷயமா? சாதி மாறிக் காதலித்ததற்காக உயிரைப் பறித்த மண் இது. வயதுவந்த இருவரின் திருமணத்தில் மூன்றாமவர் தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. திண்ணைகள் இன்னும் கேட்கவில்லை.

தங்கையிடம் ஒன்றுதான் சொன்னேன்: முதல் சந்திப்பு பகலில், கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஆள் நடமாட்டமுள்ள கடையில். போகுமுன் எனக்குச் சொல்லிவிட்டுப் போ, கண்ணு.